கப்பலின் சிறப்பு உணவகத்தில் 18 சதவீதம் சேவைக் கட்டணம் பிடித்த பிறகும் மேசையில் டிப்ஸ் வைக்க வேண்டுமா?

தென்கரை (சென்னை)

வணக்கம். மகள் ஃபுளோரிடாவில் இருக்கிறாள். டிசம்பரில் நானும் மனைவியும் அங்கே போகிறோம். மகள், மருமகனோடு சேர்ந்து மயாமியிலிருந்து ராயல் கரீபியன் கப்பலில் ஏழு இரவுகள் தீவுகளைச் சுற்றிவரத் திட்டம். நான்கு பேருக்கும் தலைக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர் வீதம் சேவைக் கட்டணத்தை டிக்கெட்டோடு முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் 518 டாலர். இது போதாதென்று, ஓர் இரவுக்குக் கப்பலிலேயே இருக்கும் 'சாப்ஸ் கிரில்' என்ற சிறப்பு உணவகத்தில் (ஸ்டேக் என்ற வாட்டிய இறைச்சித் துண்டுதான் அங்கே முக்கியம்) மருமகன் மேசை பதிவு செய்திருக்கிறார். அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம்.

அந்த 18 சதவீதம் பரிமாறுபவருக்குத்தான் என்றால், சாப்பிட்டு எழும்போது மேசையில் மறுபடியும் பணம் வைப்பது வழக்கமா? வைக்காவிட்டால் முகம் சுளிப்பார்களா? அன்றைக்கு, டிக்கெட்டிலேயே சாப்பாடு அடங்கிய பெரிய உணவுக்கூடத்தில் நம் மேசைக்கு வழக்கமாகப் பரிமாறுபவர் நம்மைக் காணாமல் இருப்பார். அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமா? நம் ஊரில் 2022 ஜூலையில், ஹோட்டல்கள் பில்லில் தாமாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. அதற்குப் பழகிய எனக்குக் கப்பலின் இந்தக் கணக்கு தலைசுற்றலாக இருக்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்நாரை (ஹூஸ்டன்)

தென்கரை ஐயா, நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சிறப்பு உணவகத்தில் சேவைக் கட்டணம் பிடித்த பிறகு மேலே எதுவும் வைக்க வேண்டிய கடமை கிடையாது. வைக்காமல் எழுந்து போனால் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நாங்கள் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து அடிக்கடி கப்பலேறுகிறவர்கள். பக்கத்து மேசைகளில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றி சொல்லிப் போவதைத்தான் பார்க்கிறேன்.

நடப்பது இப்படித்தான். சாப்பாடு முடிந்ததும் தோல் உறைக்குள் ஒரு சீட்டு வரும். சாப்பாட்டுக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் சீட்டில் தொகை பூஜ்யமாகவும், மது அல்லது குளிர்பானம் வாங்கியிருந்தால் அதன் விலை மட்டுமாகவும் இருக்கும். கீழே கூடுதல் டிப்ஸ் என்று ஒரு வெற்றுக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் புதிதாக வருகிறவர்களுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது, ஏதோ எழுதியே ஆக வேண்டும் என்று. அதில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, கீழே மொத்தத்தை எழுதி, கையெழுத்திட்டுவிடுங்கள். போதும். கோட்டை அப்படியே காலியாக விட வேண்டாம். கணக்கு சுத்தமாக இருப்பது நல்லது.

எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைக்கு 65 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் என்றால் 11 டாலர் 70 சென்ட். நான்கு பேருக்கு 46 டாலர் 80 சென்ட். ஒரு மேசைக்கு அது சின்னத் தொகை இல்லை. நார்வீஜியன், செலிபிரிட்டி நிறுவனங்களின் கப்பல்களில் இது 20 சதவீதம். நார்வீஜியனில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிக்கெட்டோடு சிறப்பு உணவக விருந்தும் பானங்களும் இலவசம் என்று விளம்பரம் செய்வார்கள். ஆனால் அவற்றின் முழு மதிப்புக்கும் 20 சதவீதம் சேவைக் கட்டணத்தை நம்மிடம் வாங்கிவிடுவார்கள். இலவசம் என்ற சொல்லை நம்பி பட்ஜெட் போட்டவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் திகைப்பதுண்டு.

மல்லிகைப்பந்தல் (சிங்கப்பூர்)

எனக்கு இதில் அடிப்படையிலேயே மனத்தாங்கல் உண்டு. சிங்கப்பூரில் உணவகத்துக்குப் போனால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. அத்தோடு முடிந்தது, மேசையில் யாரும் பணம் வைப்பதில்லை. மெரினா பே கப்பல் முனையத்தில் ஏறி அதே ஊர்க்காரர்கள் கப்பலில் கால் வைத்ததும் அமெரிக்க வழக்கம் தொடங்கிவிடுகிறது. கணக்கும் அமெரிக்க டாலரில். ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது நிறுவனம். அந்தச் சுமையைப் பயணியின் மனச்சாட்சியில் ஏற்றிவிட்டு, டிக்கெட் விலையை மட்டும் மலிவாகக் காட்டுகிறார்கள்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் 2019-இல் தினசரி டிப்ஸையே எடுத்துவிட்டது. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற விலை உயர்ந்த கப்பல்களில் டிக்கெட்டிலேயே எல்லாம் அடங்கும். அவர்களால் முடிகிறது என்றால் மற்றவர்களால் ஏன் முடியவில்லை?

பணத்தைத் தாண்டி, சிறப்பு உணவகத்தின் சேவை பற்றியும் ஒரு குறை. ஒரு கப்பலில் நாங்கள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலிருந்து வைன் பட்டியலை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே இருந்தார்கள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்ன பிறகும், "அரை பாட்டிலாவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் மேற்பார்வையாளர். காசு கொடுத்து அமைதியாகச் சாப்பிடப் போன இடத்தில் அது எரிச்சலூட்டியது. அன்றைக்கு நான் ஒரு சென்ட்கூட மேலே எழுதவில்லை. அதில் எனக்குக் குற்ற உணர்வும் இல்லை.

உப்புக்காற்று (தூத்துக்குடி)

மல்லிகை அக்கா சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம். நான் பயணியாகப் போனவன் இல்லை, பரிமாறியவன். முதலில் பஃபேயில் தட்டு எடுத்தேன், பிறகு பெரிய உணவுக்கூடத்தில் துணைப் பரிசாரகன், கடைசியில் சிறப்பு உணவகம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கப்பல் மயாமியில் நிற்கும். சொந்தக்கார நிறுவனத்தின் அலுவலகமும் அங்கேயே இருக்கும். ஆனால் கப்பலின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊர் பஹாமாஸின் நசாவ் அல்லது பனாமா. கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலில் செல்லும். அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி எங்களுக்குக் கிடையாது. அமெரிக்கக் கொடியோடு ஹவாய் தீவுகளைச் சுற்றும் நார்வீஜியனின் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' போன்ற கப்பல் அபூர்வம். அதனால் எங்கள் வருமானத்தில் பெரும்பகுதி நீங்கள் கட்டும் அந்தத் தினசரித் தொகையிலிருந்தும் சதவீதத்திலிருந்தும்தான் வந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தால் அடுத்த ஒப்பந்தம் வரை சம்பளம் இல்லை.

வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 2006-இல் கொண்டுவந்து 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்தில் 77 மணி நேர ஓய்வு என்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். மறுபக்கம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 168 மணி நேர வாரத்தில் 77 போனால் 91 மணி நேரம் வேலை வாங்க இடம் இருக்கிறது. ஒப்பந்தம் முழுக்க ஒரு நாள்கூட முழு விடுமுறை கிடையாது. துறைமுகத்தில் நிற்கும் நாளில் இரண்டு மணி நேரம் கரையிறங்கி வீட்டுக்குப் பேசினால் அதுவே பெரிய ஓய்வு.

சிறப்பு உணவக வேலைக்கு எங்களுக்குள் போட்டி அதிகம். மேசைகள் குறைவு, ஒவ்வொன்றையும் நின்று கவனிக்கலாம். மீனை முழுதாகக் கொண்டுவந்து, விருந்தினர் எதிரிலேயே இரண்டு கரண்டிகளால் நடுமுள்ளைத் தலையிலிருந்து வால் வரை ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். முள் ஒடிந்தால் தட்டு திரும்பிப் போய்விடும். நான் இதை வேலை முடிந்த பின், நள்ளிரவுக்கு மேல், மிச்சமிருந்த மீன்களில் பழகினேன். பாத்திரம் கழுவும் அண்ணன் ஒருவர், இந்தோனேசியாக்காரர், நான் பழகி முடிக்கும் வரை கழுவும் இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருப்பார். அவரை எந்தப் பயணியும் பார்த்ததில்லை. அவருக்கும் உங்கள் தினசரித் தொகையில் பங்கு உண்டு.

வைன் விஷயம் பற்றி அக்காவுக்கு ஒன்று. அந்த மேற்பார்வையாளருக்கு அன்று எத்தனை பாட்டில் விற்றாய் என்று கேட்கும் ஒருவர் மேலே இருப்பார். நீங்கள் எரிச்சலடைந்தது சரிதான். ஆனால் எரிச்சலைக் காட்ட வேண்டிய இடம் நிறுவனத்தின் கருத்துப் படிவம். வைன் நீட்டியவர் ஒருவர், தட்டெடுத்தவர் இன்னொருவர்.

நேர்கணக்கு (துபாய்)

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். தினசரித் தொகையில் ஒரு பகுதி பெரிய உணவுக்கூடத்துப் பரிசாரகர்களுக்கு. சிறப்பு உணவகத்தில் சாப்பிட்ட இரவில் அவர்கள் எனக்கு எதுவும் பரிமாறவில்லை. அங்கே தனியாக 18 சதவீதம் கட்டிவிட்டேன். அப்படியென்றால் அந்த இரவுக்கு இரண்டு முறை டிப்ஸ் கொடுக்கிறேன். நான் கடைசி நாளில் வரவேற்பு மேசைக்குப் போய், வெளியே சாப்பிட்ட இரவுகளுக்குத் தினசரித் தொகையைக் குறைக்கச் சொல்வேன். அவர்களும் மறுபேச்சில்லாமல் குறைத்தார்கள். தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

நங்கூரம் (லண்டன்)

நேர்கணக்கு அவர்களே, உங்கள் கேள்வி நூறு வருடத்துக்கும் பழையது. 1905-இல் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் 'அமெரிக்கா' என்ற கப்பலில் புகழ்பெற்ற ஹோட்டல்காரர் சேசர் ரிட்ஸ் பெயரில் ஒரு தனி உணவகம் திறந்தார்கள். பட்டியலைப் பார்த்து, வேண்டியதைச் சொல்லி, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் இடம். இன்றைய சிறப்பு உணவகங்களின் முன்னோடி அதுதான். டைட்டானிக்கிலும் அப்படி ஒன்று இருந்தது, லூயிஜி கட்டி என்ற இத்தாலியர் நடத்தியது. முதல் வகுப்புப் பயணி, பெரிய சாப்பாட்டு மண்டபத்தை விட்டுவிட்டு முழுப் பயணமும் அங்கேயே சாப்பிடுவதாக முன்கூட்டிச் சொன்னால், டிக்கெட் விலையில் ஒரு தொகையைத் தள்ளுபடி செய்தார்கள். ஆக, நீங்கள் கேட்கும் கழிவை அன்றைக்கே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கழிவு கம்பெனியின் கல்லாவிலிருந்து போனது, பரிசாரகரின் பங்கிலிருந்து போகவில்லை. நீங்கள் வரவேற்பு மேசையில் குறைப்பது யாருடைய பணம் என்பதுதான் வித்தியாசம்.

டைட்டானிக்கின் அந்த உணவகம் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், தலைப்புக்குச் சற்று வெளியே என்றாலும். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும். அவர்கள் கப்பலை நடத்திய ஒயிட் ஸ்டார் கம்பெனியின் நேரடி ஊழியர்களும் இல்லை, பயணிகளும் இல்லை. கப்பல் மூழ்கியபோது அறுபதுக்கும் மேற்பட்ட அவர்களில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் இருவர் காசாளர்களாக இருந்த பெண்கள். காசு கொடுத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பரிமாறியவர்கள் கப்பலின் எந்தக் கணக்கிலும் சரியாகச் சேராமல் நின்றார்கள். அதைப் படித்த நாளிலிருந்து கப்பல் உணவகத்தில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வருகிறது.

உப்புக்காற்று (தூத்துக்குடி)

நங்கூரம் ஐயா, நன்றி. இது எனக்குத் தெரியாத செய்தி.

நேர்கணக்கு தம்பி, கணக்கிலேயே பதில் சொல்கிறேன். நீங்கள் சிறப்பு உணவகத்துக்குப் போன இரவில் எங்கள் பெரிய கூடத்தில் உங்கள் மேசை விரித்தபடியேதான் இருந்தது. துணி விரித்து, கண்ணாடி துடைத்து, நாப்கின் மடித்து, ரொட்டி வைத்துக் காத்திருந்தோம். நீங்கள் வரவில்லை என்பதால் எனக்கு அன்று வேலை குறையவும் இல்லை. காலையில் நீங்கள் பஃபேயில் இட்லி உண்டா என்று கேட்டு, ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு வைத்த தட்டை எடுத்தவருக்கும், துண்டுகளைத் துவைத்தவருக்கும் அந்தத் தினசரித் தொகையில்தான் பங்கு. ஓர் இரவுச் சாப்பாட்டுக்காக முழு நாளையும் வெட்டினால் அடிபடுவது அவர்கள்.

கடைசி இரவில் வரவேற்பு மேசை முன்னால் நிற்கும் வரிசை எங்களுக்கு நன்றாகத் தெரியும். தொகையை முழுதாக நீக்கிவிட்டு, நேரில் கையில் ரொக்கமாகக் கொடுத்தேனே என்று சொல்பவர்களும் உண்டு. சில நிறுவனங்களில் அப்படி வரும் ரொக்கத்தைப் பொதுக் கணக்கில் ஒப்படைத்தாக வேண்டும் என்பது விதி. உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். தினசரித் தொகையை அப்படியே இருக்க விட்டு, அதற்கு மேல் விருப்பப்பட்டுக் கொடுப்பதுதான் வாங்கியவர் கையிலேயே நிற்கும்.

கடல்நாரை (ஹூஸ்டன்)

இதில் நிறுவனங்களையும் சும்மா விடக்கூடாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இந்தத் தனிக் கட்டணம் வந்தபோது தலைக்கு 20 டாலர் அளவில்தான் இருந்தது. அந்தத் தொகையிலேயே டிப்ஸும் அடக்கம் என்றுதான் பல கப்பல்களில் சொன்னார்கள். பிறகு கட்டணம் ஏறியது. டிப்ஸ் அதிலிருந்து பிரிந்து தனிச் சதவீதமாக வந்து உட்கார்ந்தது. நேர்கணக்கின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் வரவேற்பு மேசையில் குறைத்தால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டியவரைச் சேராது.

வாழைத்தோட்டம் (டொராண்டோ)

எங்களைப் போல மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். தென்கரை அண்ணா, நீங்கள் நால்வரும் இறைச்சி சாப்பிடுவீர்களா? இல்லையென்றால் ஸ்டேக் உணவகத்துக்குத் தலைக்கு அவ்வளவு கொடுப்பதைப் பற்றி ஒரு தரம் யோசியுங்கள். நாங்கள் அதே முழுக் கட்டணத்தைக் கட்டி, காளானும் வேகவைத்த உருளைக்கிழங்கும் கீரைக் குழம்பு போன்ற ஒன்றும் சாப்பிட்டு வந்தோம். பரிமாறிய பிள்ளை மிகவும் கவலைப்பட்டார். சமையலறைக்குள் போய்ப் போய் வந்து, பட்டியலில் இல்லாத பாஸ்தா ஒன்றைச் செய்து வாங்கி வந்தார். அவருக்கு நாங்கள் ரொக்கம் கொடுத்தோம். 18 சதவீதத்துக்குள் அந்த அலைச்சல் அடங்காது.

எங்கள் வயிறு நிறைந்தது பெரிய உணவுக்கூடத்தில்தான். முதல் நாளே தலைமைப் பரிசாரகரிடம் இந்திய மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு இரவும் அடுத்த நாளுக்கு என்ன வேண்டும் என்று அவரே வந்து கேட்பார். பட்டியலிலேயே இல்லாத பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சோறும் எங்கள் மேசைக்கு மட்டும் வரும். பக்கத்து மேசை அமெரிக்கர்கள் வாசனை பிடித்து, தங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டார்கள். மங்களூர்ப் பக்கத்து மனிதர் அவர். எங்கள் அம்மாவுக்கு உறைப்பு போதாது என்று தெரிந்ததும் பச்சை மிளகாயைத் தனியாக நறுக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஒவ்வொரு இரவும் நாங்கள் உட்காரும் முன்பே அந்தக் கிண்ணம் மேசையில் இருந்தது. கடைசி இரவில் அவருக்கு உறையில் பணம் வைத்து, அம்மாவின் கையாலேயே கொடுக்கச் சொன்னோம். டிப்ஸ் என்று ஒன்றைக் கொடுப்பதானால் நான் அங்கேதான் கொடுப்பேன்.

மல்லிகைப்பந்தல் (சிங்கப்பூர்)

உப்புக்காற்று தம்பி, வைன் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இன்னொரு தொல்லையையும் கேளுங்கள். கடைசி நாளில் வந்து, "கருத்துப் படிவத்தில் பத்துக்குப் பத்து போடுங்கள், ஒன்பது போட்டால் எனக்குக் கெட்ட பெயர்" என்று கெஞ்சுகிறார்கள். வயதில் என் மகனைப் போன்ற பிள்ளைகள் கைகட்டி நின்று அப்படிக் கேட்பதைப் பார்க்க மனம் கஷ்டப்படுகிறது. அது உண்மையா, பாடம் பண்ணிச் சொல்வதா?

உப்புக்காற்று (தூத்துக்குடி)

உண்மைதான் அக்கா. நான் இருந்த கப்பலில் ஒன்பது என்றால் ஏன் பத்து இல்லை என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். நிறுவனம் அப்படி நடத்துவது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படிவத்தில் பெயரை எழுதுவதற்கு மிகுந்த மதிப்பு உண்டு. பெயர்ப் பட்டையைப் பார்த்து எழுத்துப் பிழையில்லாமல், எந்த உணவகம், எந்த இரவு, என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள். "எல்லாரும் நன்றாகக் கவனித்தார்கள்" என்ற பொது வரியால் யாருக்கும் எதுவும் வராது. நான் பெரிய கூடத்திலிருந்து சிறப்பு உணவகத்துக்கு மாறியது அப்படி ஒரு குடும்பம் என் பெயரை எழுதியதால். அந்த மாற்றம் எனக்கு எந்த ரொக்கத்தை விடவும் பெரிது. தங்கையின் கல்லூரிக் கட்டணம் அதில்தான் கட்டினேன்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் தயங்கவே வேண்டாம். பதிவு செய்த நேரத்துக்கு வாருங்கள், வர முடியாவிட்டால் முதல் நாளே ரத்து செய்யுங்கள். இரவு ஒன்பதரைக்கு மேசை வாங்கிவிட்டுப் பத்து மணிக்கு வருகிற குழுவால் எங்கள் தூக்கத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

நேர்கணக்கு (துபாய்)

காத்திருந்த மேசை, ரொக்கத்தை ஒப்படைக்கும் விதி, இரண்டும் எனக்குப் புதிய செய்தி. தினசரித் தொகையை இனிக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சிறப்பு உணவகத்தில் கட்டணமும் 18 சதவீதமும் போக மேலே கொடுக்க மாட்டேன் என்ற நிலையில் மாற்றமில்லை. இது நியாயம்தானே?

உப்புக்காற்று (தூத்துக்குடி)

முழு நியாயம், தம்பி.

தென்கரை (சென்னை)

எல்லாருக்கும் நன்றி. என் மனைவி சுத்த சைவம். வாழைத்தோட்டம் தங்கை சொன்னதைப் படித்துக் காட்டியதும், மருமகனிடம் பேசி ஸ்டேக் உணவகப் பதிவை மகளுக்கும் அவருக்கும் மட்டும் என்று மாற்றிவிட்டோம். நாங்கள் இருவரும் அன்றைக்குப் பெரிய கூடத்திலேயே சாப்பிடுகிறோம். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். ரொக்கமாகக் கொடுப்பதென்றால் நோட்டுகளை ஊரிலேயே மாற்றிக்கொள்ள வேண்டுமா, கப்பலில் கிடைக்குமா?

கடல்நாரை (ஹூஸ்டன்)

ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாகக் கரையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. மகளை வங்கியிலிருந்து எடுத்து வைக்கச் சொல்வது இன்னும் சுலபம். கப்பலின் ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பிடிப்பார்கள், வருவதும் இருபது டாலர் நோட்டுதான். வரவேற்பு மேசையில் சில்லறை மாற்றித் தருவார்கள், ஆனால் கடைசி இரவில் அங்கே போகாதீர்கள், வரிசை நீளம். உறைகளையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தலைமைப் பரிசாரகரிடம் சைவச் சாப்பாடு பற்றிக் கப்பலேறிய அன்று மதியமே பேசிவிடுங்கள். இரவு உணவு வரை காத்திருந்தால் முதல் நாள் சாலட்தான்.